அரங்கேற்றத்தைப் படம்பிடிக்க கேம்கார்டரா, போனா?

கேள்வி: மூன்று மாதத்தில் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். போன வருஷம் பள்ளி விழாவைப் போனில் எடுத்தேன். மேடை வெளிச்சத்தில் முகமெல்லாம் வெளுத்துவிட்டது, பாதியில் போனும் சூடாகி நின்றுவிட்டது. இந்த முறை கேம்கார்டர் வாங்கலாமா? டொரன்டோவில் இருக்கும் மாமனார், மாமியாருக்கு வீடியோவை எப்படி அனுப்புவது? ஊரே பார்க்க வேண்டாம்.
- திருச்சி வாசகி

பதில்: இந்த ஒரு நாளுக்காக என்றால் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். மகள் தொடர்ந்து மேடையேறப் போகிறாள் என்றால் மட்டும் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆனால் கேம்கார்டர் வேண்டும் என்ற உங்கள் கணிப்பு சரிதான். கரண்டில் செருகிவிட்டால் மூன்று மணி நேரமும் நிற்காமல் ஓடும் கருவி அது. இன்னொன்று ஆப்டிகல் ஜூம். கேம்கார்டரில் 20 மடங்கு சாதாரணம். போன்களில் லென்ஸின் உண்மையான ஜூம் சில மடங்கோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். பின்வரிசையிலிருந்து அபிநயத்தின் கண்ணசைவைப் பிடிக்க அது போதாது.

கடையில் 4கே (ஃபுல் எச்டியைவிட நுணுக்கமான படம்) பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது சென்சார், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லின் அளவை. மலிவான மாடல்களில் நகக்கண் அளவுகூட இருக்காது. மேடை விளக்கு மங்கும்போது படம் புள்ளி புள்ளியாகிவிடும். ஒரு அங்குல சென்சார் உள்ள மாடல் வாடகைக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள். மைக் ஜாக்கும் ஹெட்போன் ஜாக்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

டொரன்டோவிலிருந்து வாங்கிவரச் சொல்லலாமே என்று தோன்றலாம். வேண்டாம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அங்கே விற்கும் கேம்கார்டர்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 படம் (பிரேம்) என்ற கணக்கில்தான் பதிவு செய்யும். நம் ஊர் விளக்குகளின் கீழ் அதில் எடுத்தால் படம் சிமிட்டலாம், பட்டை பட்டையாக ஓடலாம். இங்கே நொடிக்கு 25 அல்லது 50 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வையுங்கள்.

முகம் வெளுத்ததற்குக் காரணம் ஆட்டோ எக்ஸ்போஷர். பின்னால் கறுப்புத் திரை, நடுவில் பளீரென்று ஒரு பெண். கேமரா மொத்தக் காட்சியையும் இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. மேன்யுவலுக்கு மாற்றி, நெற்றிச்சுட்டியின் கற்கள் தனித்தனியாகத் தெரியும்வரை குறையுங்கள். திரையில் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. வெளுத்துப்போன முகத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஒயிட் பேலன்ஸையும் (விளக்குக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு மாறும்போதெல்லாம் புடவையின் நிறம் மாறும். முந்தைய நாள் ஒத்திகைக்கே கேமராவைக் கொண்டுபோய் இதையெல்லாம் பார்த்துவிடுவது நல்லது.

ஒலிக்குப் படத்தைவிட அதிகக் கவனம் வேண்டும். ஹாலின் நடுவில் நிற்கும் கேமராவின் மைக்கில் ஸ்பீக்கர் எதிரொலியும் பக்கத்து இருக்கைப் பேச்சும்தான் விழும். சவுண்ட் சிஸ்டக்காரரிடம் முன்கூட்டியே பேசி, எல்லா மைக்குகளும் சேரும் மிக்ஸரிலிருந்து ஒரு லைன் அவுட் (ஒலியை வெளியே எடுக்கும் வயர்) வாங்கி, தனியாக ஒரு சிறிய ரெக்கார்டரில் பதிவு செய்யுங்கள். அந்த வயரை அப்படியே கேமராவின் மைக் ஜாக்கில் செருகினால் ஒலி கிழியும். ஆனால் மிக்ஸரில் சலங்கை இருக்காது. அது கேமரா மைக்கில்தான் கிடைக்கும். ஆகவே இரண்டையும் எடிட்டிங்கில் சேர்க்க வேண்டும். நட்டுவனார் தாளம் தட்டும் முதல் ஓசையை இரண்டு பதிவிலும் ஒன்றாகப் பொருத்துங்கள். நீண்ட பதிவில் இரண்டும் மெல்ல விலகலாம், அதனால் ஒவ்வொரு உருப்படியின் தொடக்கத்திலும் ஒருமுறை சரிபாருங்கள்.

நொடிக்கு 28 மெகாபிட் வேகத்தில் ஃபுல் எச்டி பதிவு மணிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு 64 ஜிபி கார்டு போதும். 4கே எடுத்தால் இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கும். கார்டை நம்பகமான கடையில் வாங்குங்கள், போலி நிறைய புழங்குகிறது.

சரி, டொரன்டோ. வீடியோவாக வாட்ஸ்அப்பில் போட்டால் அது சுருக்கித்தான் அனுப்பும். கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபியில் இது அடங்காது. யூடியூபில் ஏற்றுங்கள். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்ற, உங்கள் போன் எண்ணைக் கொடுத்துக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். 'பிரைவேட்' என்று வைத்தால் நீங்கள் மின்னஞ்சல் கொடுத்தவர்கள் மட்டுமே, அதுவும் லாகின் செய்துதான் பார்க்க முடியும். பெரியவர்களுக்கு அது தொல்லை. 'அன்லிஸ்டட்' என்று வையுங்கள். தேடினால் வராது, லிங்க் இருப்பவர்கள் நேராகப் பார்க்கலாம். ஆனால் லிங்க்கை யாராவது குடும்ப குரூப்பில் ஃபார்வர்டு செய்தால் அங்கிருப்பவர்களும் பார்ப்பார்கள்; அதைச் சொல்லியே அனுப்புங்கள்.

ஏற்றியவுடனே லிங்க் அனுப்ப வேண்டாம். யூடியூப் முதலில் மங்கலான பதிப்பைத்தான் காட்டும், தெளிவானது வரச் சில மணி நேரம்கூட ஆகும். விளக்கப் பகுதியில் 0:00 புஷ்பாஞ்சலி, அப்புறம் அலாரிப்பு, வர்ணம், தில்லானா என்று நேரத்தோடு எழுதிவிட்டால் வீடியோவுக்குள் அத்தியாயம் பிரிந்துவிடும். மாமியார் வர்ணத்தை மட்டும் திரும்பப் பார்க்க நினைத்தால் ஒரு தட்டு போதும்.

யூடியூபில் இருக்கிறதே என்று கார்டை அழித்துவிடாதீர்கள். அங்கே இருப்பதும் சுருக்கப்பட்ட பிரதிதான். கார்டில் உள்ள கோப்புறை முழுவதையும் அப்படியே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று அம்மா வீட்டில் இருக்கட்டும்.