கேட்டதும் சொன்னதும்: கேரல் அல்லாத கிறிஸ்துமஸ் பாட்டுகள்

கேள்வி: டிசம்பர் வந்தாலே 'சைலன்ட் நைட்', 'ஜாய் டு த வேர்ல்ட்' என்று பழைய கேரல்கள்தான். அவற்றை விட்டுவிட்டால், பின்னால் வந்த கிறிஸ்துமஸ் பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்தது எது?

பதில்: கொயரில் பல வருடம் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடியவள் நான். கேரல்கள் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. ஆனால் ஆல்ட்டோக்காரர்களுக்கு எந்தக் கேரலிலும் மெட்டு கிடைக்காது, அது உயர்ந்த குரலில் பாடும் சோப்ரானோக்களின் சொத்து. அதனால் வார்த்தைகளைக் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டது. வார்த்தைக்காக ஒரே ஒரு பாட்டு என்றால், 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்'.

1987இல் தி போக்ஸ் குழு வெளியிட்டது. குடித்துவிட்டு மாட்டியவர்களை அடைத்துவைக்கும் அறையில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் தொடங்குகிறது. உள்ளே கிடப்பவன் தன் காதலியை நினைக்கிறான். பெரிய கனவுகளோடு நியூயார்க் வந்து ஒன்றுமில்லாமல் போன ஜோடி அவர்கள். முதலில் பியானோ மட்டும், தயங்கித் தயங்கி. அப்புறம் அக்கார்டியனும் டின் விசிலும் சேர, பாட்டு நடனத்துக்குத் தாவுகிறது. அந்தத் துள்ளலிலேயே இருவரும் வாயில் வந்தபடி திட்டிக்கொள்கிறார்கள். சில சொற்களை வானொலிகள் வெட்டித்தான் போடுகின்றன, அதைக் குறை சொல்லவும் முடியாது. கடைசியில், என் கனவுகளைப் பறித்துக்கொண்டாயே என்கிறாள் அவள். பறிக்கவில்லை, என்னுடையவற்றோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்கிறான் அவன். அந்த இடத்துக்காகத்தான் மற்ற வசவுகளையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண் குரல் கர்ஸ்டி மெக்காலுடையது. தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் மாதிரிப் பதிவுக்காகத் தன் மனைவியான அவரைப் பாடவைத்துக் கொண்டுவந்தார். கேட்டதும் வேறு ஆள் தேடுவதை விட்டுவிட்டார்கள். அவன் குரல் ஷேன் மெக்கோவன். அவர் பிறந்த நாளே 1957 டிசம்பர் 25.

கேள்வி: அக்கா, பண்டிகைக்குப் பாட்டுக் கேட்டால் லாக்கப்பில் கொண்டுபோய் விடுகிறீர்களே! சந்தோஷமாக ஒன்றும் இல்லையா?

பதில்: இருக்கிறது. ஆனால் நின்றுபோன பாட்டுகளை எடுத்துப் பாருங்கள், எங்கேயாவது ஒருவர் குறைவார். 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பிங் கிராஸ்பி பாடி 1942இல் வந்தது. போரில் எங்கோ கிடந்த அமெரிக்க வீரர்கள் விரும்பிக் கேட்டது. இர்விங் பெர்லின் முதலில் எழுதியபடி அதற்கு ஒரு முன்னுரை உண்டு: பெவர்லி ஹில்ஸில் வெயில், பச்சைப் புல், ஆரஞ்சு மரங்கள்; டிசம்பர் 24ஆம் தேதி ஒருவன் வடக்கே போக ஏங்குகிறான். கிராஸ்பியின் பதிவில் அது இல்லை. ஏன் ஏங்குகிறான் என்ற காரணம் போய்விட்டதால், கேட்கிற ஒவ்வொருவரும் தன் காரணத்தைப் போட்டுக்கொள்ளலாம். பெர்லின் யூதர், அது அவருடைய பண்டிகையே இல்லை. பிறந்து சில வாரங்களே ஆன மகனை 1928இல் அதே கிறிஸ்துமஸ் நாளில்தான் இழந்தார்.

'ஹேவ் யுவர்செல்ஃப் எ மெர்ரி லிட்டில் கிறிஸ்துமஸ்' இன்னும் மோசம். 1944இல் ஒரு படத்துக்காக ஹ்யூ மார்ட்டின் எழுதிய முதல் வடிவம், இதுவே உன் கடைசிக் கிறிஸ்துமஸாக இருக்கலாம் என்றது. ஒரு சிறுமியைப் பார்த்து இதை எப்படிப் பாடுவேன் என்று, படத்தில் அதைப் பாட வேண்டிய நடிகை ஜூடி கார்லண்ட் மறுத்தார். வரிகள் மாறின. 1957இல் ஃபிராங்க் சினாட்ரா இன்னும் கொஞ்சம் குதூகலம் கேட்டு வாங்கினார். எனக்கு ஜூடியின் பதிப்புதான். சினாட்ராவுடையதில் சர்க்கரை அதிகம்.

கேள்வி: பனி, குளிர் என்று உருகி எழுதுபவர்கள் பனி நடுவே உட்கார்ந்துதான் எழுதுவார்களோ?

பதில்: 'லெட் இட் ஸ்னோ' 1945 ஜூலையில், ஹாலிவுட்டில் வெயில் கொளுத்தியபோது எழுதியது. நாட் கிங் கோல் பாடிய 'தி கிறிஸ்துமஸ் சாங்'கும் அதே கோடையில் பிறந்ததுதான். வீடுகளில் ஏசி பரவாத காலம், பாவம்.

கேள்வி: 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' வெறும் காதல் தோல்விப் பாட்டுதானே? அதில் கிறிஸ்துமஸ் எங்கே இருக்கிறது?

பதில்: தேதியில் மட்டும்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வருடம் இதே நாளில் என்று கணக்குப் பார்க்கவைக்கும் நாள் வேறு எது? ஜார்ஜ் மைக்கேல் அதில் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்தார். 1984இல் பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் அது இரண்டாம் இடத்தோடு நின்றது. முதலிடத்தை மறித்தது பேண்ட் எய்டின் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணப் பாட்டு. அதிலும் பாடியவர்களில் அவர் ஒருவர்! 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' முதலிடம் பிடித்தது 2021 ஜனவரியில். அவர் 2016 கிறிஸ்துமஸ் அன்றே போய்விட்டார்.

பேண்ட் எய்ட் பாட்டு திரட்டிய பணத்தை மதிக்கிறேன். ஆனால் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்று தெரியுமா என்று கேட்கிற அந்தத் தலைப்பு! நான்காம் நூற்றாண்டிலிருந்தே கிறிஸ்தவம் வேரூன்றிய நாடு எத்தியோப்பியா. அவர்கள் ஜனவரி 7இல் கொண்டாடுகிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: மரியா கேரி?

பதில்: 'ஆல் ஐ வாண்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ'தானே? நல்ல பாட்டு. 1994இல் வந்து, அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வர 2019 ஆனது. நவம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது ஒன்றுதான் என் புகார்.

கேள்வி: குழந்தை இயேசுவை நினைத்து எழுதிய புதுப் பாட்டு ஒன்று சொல்லுங்கள்.

பதில்: 'டூ யூ ஹியர் வாட் ஐ ஹியர்'. 1962 அக்டோபர், கியூபா ஏவுகணை நெருக்கடி. நாளை உலகம் இருக்குமா என்று தெரியாத நேரத்தில் நோயல் ரெக்னி வார்த்தைகளை எழுத, அவர் மனைவி குளோரியா ஷேன் மெட்டமைத்தார். காற்று ஆட்டுக்குட்டியிடம் சொல்கிறது, குட்டி இடையனிடம், இடையன் அரசனிடம், அரசன் எல்லா மக்களிடமும். சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறான் அந்த அரசன். வாலோடு வானில் ஆடும் ஒரு நட்சத்திரமும் இதில் வரும். அந்த மாதத்தில் எழுதியது என்று தெரிந்தபின் அதை நட்சத்திரமாக மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. கிராஸ்பி 1963இல் பாடியது இதமாக இருக்கும். நான் சொல்வது அதற்கு முந்தைய வருடம் ஹாரி சிமியோன் பாடகர் குழு பதிவுசெய்ததை. அரசன் பேசும் இடத்தில் ஒற்றைக் குரல் போதாது.