டிஸ்னி வேண்டாம், படகும் வேண்டாம் என்கிற பெற்றோரை டிசம்பரில் ஆர்லாண்டோவிலிருந்து ஒரு நாள் எங்கே கூட்டிப்போகலாம்?

ப்ளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். ஐ-4 நெடுஞ்சாலையில் வடக்கே முக்கால் மணி நேரம், ஊர் பெயர் ஆரஞ்ச் சிட்டி. ஒரே ஒரு நிபந்தனை: வெயிலும் இதமுமாக இருக்கிற நாளாகப் பார்த்துப் போகாதீர்கள். அந்த வாரத்தில் எந்தக் காலை ரொம்பக் குளிர் என்று போனில் பார்த்து, அன்றைக்குக் கிளம்புங்கள். அம்மா திட்டுவார்கள், பரவாயில்லை, ஸ்வெட்டர் போட்டுவிடுங்கள்.

நீங்கள் பார்க்கப்போவது மானட்டி, தண்ணீரில் வாழ்ந்து புல் மேயும் பாலூட்டி. மூன்று மீட்டர் நீளம், அரை டன் எடை. ஆனால் அந்த உடம்பைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது, தோலுக்கடியில் கொழுப்பு கம்மி. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் நோய்ப்பட்டுச் செத்தே போகும். பக்கத்தில் ஓடும் செயின்ட் ஜான்ஸ் ஆறு குளிரக் குளிர, அதிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பூங்காவின் ஊற்றிலிருந்து ஓடிவரும் கால்வாய்க்குள் ஒதுங்குகின்றன. ஊற்றுத் தண்ணீருக்குக் கோடையும் குளிரும் ஒன்றுதான்: 22, 23 டிகிரி. மழைத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, நிலத்தடியில் வெகுகாலம் கிடந்து, மண்ணின் சூட்டையே வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி காலன்.

2024 ஜனவரியில் ஒரே காலையில் 932 மானட்டிகளை எண்ணியிருக்கிறார்கள். காலையில் ஆட்கள் சிறு படகில் போய் எண்ணிவிட்டு வந்து அன்றைய கணக்கை எழுதி வைப்பார்கள். உள்ளே போனதும் அதைத் தேடிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அப்பா தொண்டிப் பக்கம். பலகைப் பாதையில் நின்று குனிந்து பார்த்தவர், "இது நம்ம ஆவுளியால்ல!" என்றார். அது முழுக்கச் சரியில்லை என்றாலும் தப்பும் இல்லை. பாக் நீரிணையில் இருக்கும் கடல்பசுவான ஆவுளியாவும் இதுவும் ஒரே உயிரியல் வரிசையைச் சேர்ந்த விலங்குகள், இரண்டுக்குமே தரையில் நெருங்கிய சொந்தம் யானைதான். ஆவுளியாவுக்கு வால் டால்பின் மாதிரி பிளந்திருக்கும், மானட்டிக்கு வட்டத் துடுப்பு. ஆவுளியா கடலை விட்டு வராது, இது ஆற்றுக்குள்ளும் ஏறும். தண்ணீர் அவ்வளவு தெளிவு என்பதால், முன்துடுப்பின் நுனியில் யானைக்கால் நகம் போல மூன்று நான்கு நகங்கள் இருப்பதுகூட மேலிருந்தே தெரியும். மூச்சு விட மேலே வரும்போது மூக்கின் இரண்டு மூடிகளும் திறந்து 'புஸ்'ஸென்று ஒரு சத்தம், உடனே மூடிக்கொள்ளும். அம்மாவுக்கு அந்தச் சத்தத்தில்தான் ஆசை, நகரவே மாட்டேன் என்றுவிட்டார்.

முதுகையும் பாருங்கள். பலவற்றின் மேல் வரிவரியாக வெள்ளைத் தழும்புகள், படகின் சுழல்விசிறி கிழித்தவை. ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்பதே அந்தத் தழும்புகளை வைத்துத்தான். 2021இல் ஃபுளோரிடாவில் 1,100 மானட்டிகள் செத்தன. அதற்குப் படகை விடப் பெரிய காரணம் பட்டினி. கிழக்குக் கரைக் காயலில் தண்ணீர் கெட்டு, கடற்புல் அழிந்துபோயிருந்தது.

போகும் விதம். காலை 8 மணிக்குத் திறப்பார்கள். காருக்கு 6 டாலர். குளிர்காலச் சனி, ஞாயிறுகளில் இடம் நிரம்பியதும் வாசலை மூடிவிடுவார்கள், பிறகு வெளியே வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் வார நாளில், திறக்கும்போதே போய்விடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: வெயில் ஏறினால் அவை மேய ஆற்றுக்குப் போய்விடும், ஏனென்றால் கால்வாயில் தின்ன ஒன்றும் கிடையாது. பாதை முழுக்கப் பலகை, ஊற்றுக்கண் வரை கூட்டமில்லாமல் மெதுவாக நடக்கலாம். வழியில் முதலை, ஆமை, சிறகை விரித்துக் காயும் பாம்புத்தாரா எல்லாம் தென்படும். பாதி நவம்பரிலிருந்து மார்ச் வரை தண்ணீரில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை, கேட்டுப் பிரயோஜனமில்லை.

கிரிஸ்டல் ரிவர் போனால் மானட்டியோடு நீந்தலாம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் குளிர் தாங்கும் நீச்சல் உடுப்பு மாட்டி, படகேறி, குளிரில் நடுங்கி... பெற்றோருக்கு அது சரிப்படாது. அந்த நீச்சல் மேலேயே எனக்கு அவ்வளவு பிரியமில்லை. ஒதுங்கத்தானே வருகின்றன, விட்டுவிடலாமே.

மதியத்துக்குள் முடிந்துவிடும். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் அங்கேயே மரத்தடி மேசைகளில் சாப்பிடலாம். பிள்ளைகள் கூட இருந்து, ஊற்றில் குளித்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தால், இன்னும் கொஞ்சம் வடக்கே டி லியோன் ஸ்பிரிங்ஸ் இருக்கிறது. அங்கே குளிர்காலத்திலும் இறங்கலாம். துண்டு மறக்காதீர்கள், தண்ணீரை விட வெளியேதான் குளிரும்.