சிப்பிப்பாறைக் குட்டிகளை விற்க உரிமம் வேண்டுமா?

கேள்வி: கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தோட்டக் காவலுக்காக ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு சிப்பிப்பாறை நாய்களை வாங்கி வளர்க்கிறேன். ஒன்று கடுவன், ஒன்று பெட்டை. பெட்டைக்கு இப்போது 14 மாதம்; 11ஆம் மாதத்தில் முதல் பருவம் வந்து போனது. அடுத்த பருவத்தில் இரண்டையும் சேர்த்துக் குட்டி எடுத்து விற்கலாம் என்று இருக்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் விற்றால் கேஸ் என்கிறார் ஒருவர். அதெல்லாம் பெரிய பண்ணைக்காரர்களுக்குத்தான் என்கிறார் இன்னொருவர். நாட்டு நாய்களை ஒழிக்க வந்த சட்டம் என்றும் பேசிக்கொள்கிறார்கள். 23 இனங்களுக்குத் தடை என்றார்களே, அதில் நம் நாய்களும் உண்டா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அந்தப் பட்டியலில் சிப்பிப்பாறை இல்லை. ராஜபாளையம், கன்னி, கோம்பை எதுவும் இல்லை. 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம் அது. பிட்புல், ராட்வைலர், கேன் கோர்சோ போன்ற வெளிநாட்டு இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் வளர்க்கவோ விற்கவோ உரிமம் தர வேண்டாம் என்றது. டோசா என்ற ஜப்பானிய நாய் அதில் இரண்டு பெயரில் இரண்டு தடவை வருகிறது. 'டெரியர்கள்' என்று ஒரு பெருங்கூட்டத்தையே ஒரு சொல்லில் அடைத்திருந்தார்கள். அவ்வளவு அவசரம். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அதை ரத்து செய்தது. தமிழக அரசும் அடுத்த மாதம் அதே பட்டியலை ஒட்டி ஓர் ஆணை வெளியிட்டு, உடனே திரும்பப் பெற்றது. சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புதிய உரிமம் தருவதில்லை என்று முடிவெடுத்தது தனிக் கதை. உங்கள் நாய்களுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

உங்களைத் தொடும் சட்டம் வேறு: 2017 மே மாதம் வெளியான நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. குட்டி எடுத்து விற்பதற்காக நாய் வைத்திருக்கும் தனி மனிதரும் இந்த விதிகளின் கணக்கில் பிரீடர்தான். இத்தனை நாய்க்கு மேல் இருந்தால்தான் பதிவு என்று எல்லை எதுவும் கிடையாது. ஆகவே 'பெரிய பண்ணைக்கு மட்டும்' என்றவர் சொன்னது தவறு. விற்பதாக இருந்தால் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். இரண்டு ஆண்டு செல்லும். வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. சான்று தருமுன் இடத்தை வந்து பார்ப்பார்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் வம்சாவளிச் சான்று கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது நாயின் பரம்பரைக்கான தாள், குட்டி விற்க அரசு தரும் அனுமதி ஆகாது.

உரிமத்தைவிட அவசரமான விஷயம் ஒன்று உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்த இரண்டு நாய்களையும் சேர்க்காதீர்கள். அவை கூடப்பிறந்தவை. ஒரு தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டைச் சேர்த்தால், பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் சராசரியாக நாலில் ஒரு பங்கு, தாய் வழியும் தகப்பன் வழியும் ஒரே நகலாக வந்து சேரும். பாட்டன் பாட்டியிடம் ஒற்றை நகலாக மறைந்து கிடந்த குறை இங்கே இரட்டையாகி வெளிப்படும். ஈத்தில் குட்டி எண்ணிக்கை குறையும், நோஞ்சான்கள் கூடும், பிறந்த முதல் வாரத்திலேயே சாவு விழும். முதல் தலைமுறை பார்க்க நன்றாக இருந்தாலும், அதை வாங்கிப்போனவர் வீட்டில் அடுத்த ஈத்தில் தெரியும். நாட்டு நாய் அழிகிறது என்று கவலைப்படும் ஊர்களிலேயே ஒரே வீட்டுக் கடுவனை ஊர்ப் பெட்டைகள் எல்லாவற்றுக்கும் விடுவதைப் பார்க்கிறோம். எந்தச் சட்டத்தையும்விட இனத்தை அரிப்பது இந்தப் பழக்கம்தான். குறைந்தது மூன்று தலைமுறைக்குத் தாய் தகப்பன் பெயரைச் சொல்லக்கூடிய ஒருவரிடமிருந்து, வேறு ஊர் வழிக் கடுவனைத் தேடுங்கள். கூலியாக ஒரு குட்டி தருவது என்று பேசினால் எந்தக் குட்டி, எத்தனையாவது நாளில், ஒரே ஒரு குட்டி பிறந்தால் என்ன செய்வது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வருவது அங்கேதான்.

அடுத்தது வயது. பெட்டைக்கு 18 மாதம் நிறையாமல் சேர்க்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வயதுக்கு மேல் கூடாது என்கின்றன விதிகள். இந்த எண்கள் யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து நினைத்த எண்கள் அல்ல. சிப்பிப்பாறை போன்ற நெடுங்கால் நாய்கள் உயரத்தை ஒரு வயதுக்குள் எட்டினாலும் மார்புக்கூடும் இடுப்பும் நிறைய இன்னும் பல மாதம் பிடிக்கும். தன் எலும்புக்கே சுண்ணாம்புச் சத்து சேர்க்க வேண்டிய வயதில் ஏழெட்டுக் குட்டிக்குப் பால் கொடுத்தால் பெட்டை தேய்ந்துபோகும். எட்டு வயதுக்கு மேல் கர்ப்பப்பை தளர்ந்து, பிரசவம் நடுவில் நின்றுவிடும். குட்டி வயிற்றுக்குள்ளேயே செத்துத் தாயையும் கொண்டுபோகும்.

உங்கள் பெட்டைக்கு முதல் பருவம் 11ஆம் மாதம் என்றால், அடுத்தது 17 அல்லது 18ஆம் மாதத்தில் வரும். சரியாக விளிம்பில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மூன்றாவது பருவத்தில், ஏறக்குறைய இரண்டு வயதில் சேர்ப்பதுதான் எங்கள் ஆலோசனை. சிரமம் என்னவென்றால், நடுவில் வரும் அந்தப் பருவத்தில் கூடப்பிறந்த கடுவன் அதே முற்றத்தில் இருக்கும். முதல் சொட்டு ரத்தம் கண்ட நாளிலிருந்து 24 நாள் இரண்டையும் பிரித்து வையுங்கள். ஒரே கொட்டகையில் ஆளுக்கொரு சங்கிலி போட்டால் பிரித்ததாகாது. கடுவன் சங்கிலியை அறுக்கும், இல்லாவிட்டால் கழுத்தை உருவிக்கொள்ளும். கதவும் கூரையும் உள்ள அறையில் பெட்டை, அல்லது உறவினர் தோட்டத்தில் கடுவன். ரத்தம் வெளிறி நின்றதும் முடிந்துவிட்டது என்று பலர் திறந்துவிடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் பெட்டை கடுவனை ஏற்கும் நாட்கள் தொடங்குகின்றன. தவறி இணைந்துவிட்டால் தண்ணீர் ஊற்றியோ கல்லால் அடித்தோ பிரிக்காதீர்கள், இரண்டுக்கும் உறுப்பு கிழியும். கரு கலைக்கிறேன் என்று யாராவது ஈஸ்ட்ரோஜன் ஊசி போட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கவும், எலும்பு மஜ்ஜை கெட்டு ரத்தம் ஊறாமல் போகவும் அது காரணமாகும். நேரே கால்நடை மருத்துவரிடம் போய் வழி கேளுங்கள்.

சேர்ப்பதற்கு முந்தைய மாதம் உங்கள் பெட்டைக்கும் வெளியூர்க் கடுவனுக்கும் முழுப் பரிசோதனை செய்யுங்கள். புருசெல்லா ரத்தச் சோதனையை விடாதீர்கள். இந்தக் கிருமி கருவைக் கலைக்கும், பிரசவம் பார்க்கும் ஆளுக்கும் தொற்றும். உங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். தடுப்பூசி பாக்கி இருந்தால் பருவத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். ரத்தம் கண்ட 10ஆம் நாளுக்கு மேல் பெட்டை வாலை ஒதுக்கி நிற்கும். அன்று ஒரு முறை, ஒரு நாள் விட்டு இன்னொரு முறை போதும். இணைந்து ஒட்டி நிற்பது அரை மணி வரை நீளும். அங்கிருந்து ஏறத்தாழ 63 நாள். 25 முதல் 30 நாளுக்குள் ஸ்கேன், 55 நாளுக்கு மேல் ஓர் எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். எண்ணிக்கை தெரிந்திருந்தால்தான், பிரசவத்தில் ஒரு குட்டி உள்ளே தங்கிவிட்டால் கண்டுபிடிக்க முடியும். கர்ப்ப காலத்தில் கால்சியம் டானிக்கை உங்கள் விருப்பத்துக்கு ஊற்றாதீர்கள். வெளியிலிருந்து கொட்டினால் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். பால் கொடுக்கும்போது வலிப்பு வரும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, இரண்டு குட்டிக்கு நடுவே இரண்டு மணி கடந்துவிட்டது, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத் திரவம் கசிகிறது: இந்த மூன்றில் எது நடந்தாலும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

குட்டியை எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்ற விதியைத்தான் அதிகம் மீறுகிறார்கள். 30 நாளில் கண்ணும் காதும் துறுதுறுவென்று இருக்கும், வாங்குபவருக்கும் அவசரம், விற்பவருக்கும் தீனிச் செலவு மிச்சம். ஆனால் அந்த நான்கு வாரத்தில்தான் குட்டி தன் கூடப்பிறந்ததைக் கடித்து, அது கத்தி விலகுவதைப் பார்த்து, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று கற்கிறது. அதைக் கற்காமல் போன நாய் விளையாட்டிலும் பல் பதிக்கும். நாய்க்கடியைக் குறைக்க நினைக்கும் எவரும் இனப் பட்டியல் போடுவதற்கு முன்னால் இந்த ஒரு விதியைக் கடைப்பிடிக்க வைத்திருந்தால் போதும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கும் காலமும் இதுதான். அப்போது இடம் மாறி, பயணத்தில் அலைந்து, பார்வோ வைரஸ் தொற்றினால் ரத்தக் கழிச்சலில் போய்விடும்.

பூச்சி மருந்து 2, 4, 6, 8ஆம் வாரங்களில். உருண்டைப் புழு கர்ப்பத்திலும் பாலிலும் தாயிடமிருந்தே வருவதால் 'இன்னும் மண்ணில் இறங்காத குட்டிதானே' என்று விடக் கூடாது. கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணையை 6 முதல் 8 வாரத்துக்குள் போட்டு, பிறகு 16ஆம் வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில்தான். அதாவது நீங்கள் ஒப்படைக்கும் குட்டிக்கு அந்த ஊசி போட்டிருக்காது. எந்தத் தேதியில் போட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

குட்டிக்கு அடையாளமாகப் போடும் மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவுக் கண்ணாடிக் குப்பி. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் போடுவார்கள். அதில் பேட்டரி இல்லை, நாய் எங்கே போனது என்று காட்டாது. 15 இலக்க எண் ஒன்றை மட்டும் சொல்லும். போடுமுன் குப்பியையும், போட்டபின் குட்டியையும் ரீடரில் படித்து இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். தாய் தகப்பன் எண், பிறந்த தேதி, ஊசி விவரம், வாங்கியவர் பெயர் எல்லாம் ஒரே நோட்டில் ஒரே வரியில் இருக்கட்டும். ரசீதும் அதே எண்ணைச் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டம் நாட்டு நாயை ஒழிக்க வந்ததா? ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த நான்கே மாதத்தில் வெளியானதால் அந்தப் பயம் எழுந்தது இயல்பு. அதில் நியாயமான பகுதியும் உண்டு. ஒரு பெட்டை வைத்திருக்கும் விவசாயிக்கும் முப்பது நாய் வைத்திருக்கும் பண்ணைக்கும் ஒரே 5,000 ரூபாய் என்பது சரியில்லை. சிறியவரை ஒளிந்து விற்க வைப்பது அந்தக் கட்டணம்தான். விதியை மீறினால் தண்டனையோ தாய்ச் சட்டத்தின்படி அதிகபட்சம் 100 ரூபாய் அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். நூறு ரூபாய்க்குப் பெரிய வியாபாரி பயப்பட மாட்டார். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நாயைக் கருத்தடை செய்யாமல் விற்கக் கூடாது, பதிவு பெற்ற பிரீடருக்கு மட்டும் விற்கலாம் என்ற விதியையும் சிலர் எதிர்க்கிறார்கள். அதை நன்றாகப் படியுங்கள்: உங்கள் எட்டு வாரக் குட்டிகளுக்கு அது பொருந்தாது. நல்ல வம்சம் தொடர வேண்டுமானால் வாங்குபவரையும் பதிவு செய்யச் சொல்வதுதான் வழி. தமிழக அரசின் 2024ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கையோ நாட்டு இனங்களின் பக்கமே நிற்கிறது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட 11 வெளிநாட்டு இனங்களை நம் வெயில் தாங்காதவை என்று இனப்பெருக்கத்திலிருந்து விலக்கியிருக்கிறது.

விளம்பரத்தில் கவனம் வேண்டும். தாய் நாய் முயல் பிடிக்கும் வீடியோவைப் போட்டுக் குட்டிக்கு விலை ஏற்றுவது பலரின் வழக்கம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அந்த வீடியோவே உங்களுக்கு எதிரான சாட்சி. காது நறுக்குவது, விலைபோகாத பெட்டைக் குட்டிகளைக் கண்மாய்க் கரையில் விட்டு வருவது இரண்டும் குற்றம். அட்டைப்பெட்டியில் துளை போட்டு பஸ்ஸில் அனுப்பாதீர்கள். வாங்குபவர் நேரில் வரட்டும், இல்லையென்றால் மருத்துவர் சான்றோடு ஆள் கூடப் போகட்டும்.

உங்களுக்குக் கையில் ஏறக்குறைய பத்து மாதம் இருக்கிறது. இந்த வாரம் நோட்டில் பெட்டையின் முதல் பருவத் தேதியை எழுதுங்கள். பிரித்து வைக்கும் அறையை இரண்டு மாதத்துக்குள் தயார் செய்யுங்கள், அதே அறை பிறகு பிரசவத்துக்கும் ஆகும். நடுப் பருவம் கழிந்ததும் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் படிவம் கேட்கலாம். பார்வையிட வருபவர்கள் தண்ணீர், நிழல், தரையின் வடிகால், நோயுற்ற நாயைத் தனியே வைக்கும் இடம், உங்கள் நோட்டு இவற்றைப் பார்ப்பார்கள். சான்று கைக்கு வந்த பிறகு கடுவன்காரருக்கு வாக்குக் கொடுங்கள்.