இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் போன்ற தொழில் நகரத்தில் வாழ்ந்த ஒரு சாதாரணத் தொழிலாளர் குடும்பத்தின் வரலாற்றை எப்படித் தேடுவது? பெயரும் தோராயமான வயதும் மட்டுமே தெரியும் என்றால் எங்கே தொடங்குவது?

பெயரும் வயதும் போதாது. நார்தாம்ப்டன் பூட்ஸும் ஷூவும் செய்த ஊர். 1801இல் சுமார் 7,000 பேர் இருந்த இடத்தில் 1901இல் சுமார் 87,000 பேர். அங்கே ஒரு வில்லியம் ஸ்மித்தைத் தேடினால், ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே தொழிலில், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் பலர் வந்து நிற்பார்கள். இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களில் பல இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. உங்கள் ஆளைப் பிரித்துக் காட்டுபவை மூன்று: அவர் குடியிருந்த விலாசம், ஷூ வேலையில் அவர் செய்த பங்கு, அவருக்குப் பக்கத்தில் எப்போதும் தென்படும் மனிதர்கள் (திருமண சாட்சிகள், வீட்டில் தங்கியவர்கள், அண்டை வீட்டார்). ஒவ்வொரு ஆவணத்திலிருந்தும் இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டே போங்கள்.

அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கிப் போவதுதான் முறை. 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த போர்க்கால மக்கள் பதிவேடு நல்ல தொடக்கம். அதில் பிறந்த தேதி முழுமையாக இருக்கும். பிற்காலத்தில் தேசிய சுகாதாரச் சேவைக்காகவும் அதைப் பயன்படுத்தியதால், திருமணத்துக்குப் பின் மாறிய பெண்களின் குடும்பப் பெயரைப் பழைய பெயரின் மேலேயே எழுதியிருப்பார்கள். நூறாண்டு நிறையாதவர்களின் வரியை மறைத்திருப்பார்கள். இறந்ததற்கான சான்று காட்டினால் திறப்பார்கள். படைவீரர்கள் இதில் இல்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1942இல் ஒரு தீ விபத்தில் எரிந்துபோனது, 1941இல் போரால் எடுக்கவே இல்லை. ஆகவே 1939இலிருந்து நேரே 1921க்குத் தாவ வேண்டும். 1921 ஜூன் 19 கணக்கெடுப்பு தொழில் நகரங்களுக்குக் கிடைத்த பெரிய பரிசு: யாரிடம் வேலை, எந்த இடத்தில் வேலை என்பது வரை இருக்கும். எந்த ஷூ தொழிற்சாலை என்று தெரிந்துவிட்டால் தெருவும் சேர்ந்து தெரியும், ஏனென்றால் பெரும்பாலோர் நடந்துபோகும் தூரத்தில்தான் குடியிருந்தார்கள்.

அடுத்து 1911. குடும்பத் தலைவர் தம் கையாலேயே நிரப்பிய படிவம் இது; முந்தைய ஆண்டுகளுக்குக் கிடைப்பவை எண்ணிக்கையாளர் படியெடுத்த ஏடுகள்தான். மணமான பெண்ணுக்கு எதிரே திருமணமாகி எத்தனை ஆண்டு, உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று நான்கு எண்கள் இருக்கும். கைம்பெண்கள் இதை நிரப்பத் தேவையில்லை. ஆனாலும் பலர் நிரப்பினார்கள், பின்னர் அதிகாரிகள் கோடு போட்டு அடித்தார்கள். அடித்த கோட்டுக்குக் கீழே எண்ணைப் படிக்க முடியும், விட்டுவிடாதீர்கள்.

அந்த எண்ணை வைத்து, இறந்துபோன குழந்தைகளைக் கண்டுபிடிக்கலாம். ஜிஆர்ஓ எனப்படும் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில், பிறப்பு இறப்புகளை அரசே பதியத் தொடங்கிய 1837இலிருந்தே தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய அச்சு அட்டவணையிலும், அதைப் படியெடுத்த ஃப்ரீபிஎம்டி தளத்திலும் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஜிஆர்ஓ தளத்தில் தந்தையின் குடும்பப் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், பதிவு மாவட்டம் நார்தாம்ப்டன் என்று கொடுங்கள். ஒரு தேடலில் ஒரு பாலினம் மட்டும், ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகள் மட்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. அதாவது ஒரு தேடலுக்கு ஐந்தாண்டு. இருபது ஆண்டுத் திருமணத்துக்கு ஆணுக்கு நான்கு, பெண்ணுக்கு நான்கு, மொத்தம் எட்டுத் தேடல். வரும் பிறப்புகளின் எண்ணிக்கையை 1911இன் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு அதே பெயர்களை இறப்பு அட்டவணையில் பாருங்கள். அங்கே 1837இலிருந்தே வயது இருக்கிறது. கணக்கெடுப்புகளுக்கு இடையே பிறந்து இறந்த குழந்தைகள் வேறெங்கும் தெரியமாட்டார்கள். இந்த வேலையைச் செய்யாமல் ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுதியதாகச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிறப்பு அட்டவணையில் ஏமாறும் இடங்கள் சில. காலாண்டு என்பது பதிவு செய்த காலாண்டு. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கலாம். 1875க்கு முன் பெற்றோர் தாமாக வந்து பதியாவிட்டால் தண்டனை என்ற கட்டாயம் இல்லாததால் விடுபட்ட பிறப்புகள் உண்டு. மணமாகாத தாயின் பிள்ளைக்குத் தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறு கோடுதான் இருக்கும். நாற்பத்தெட்டு வயதுத் தாய்க்கு இரண்டு வயது "மகன்", வீட்டில் இருபது வயது மகள் என்று கணக்கெடுப்பில் கண்டால், அந்தப் பிள்ளை பேரனாக இருக்கலாம். பிறப்புச் சான்றிதழ் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. நீன் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் ஃபார் காட்டன் இன்று நார்தாம்ப்டனின் ஒரு பகுதி. 1900இல்தான் நகரத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் அது ஹார்டிங்ஸ்டன் பாரிஷ் (ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம்), பதிவு மாவட்டமும் ஹார்டிங்ஸ்டன். ரயில்வேக்காரர்கள் நிறைய இருந்த பகுதி. மாவட்டம் நார்தாம்ப்டன் என்று வடிகட்டித் தேடினால் ஆற்றுக்கு அப்பால் பிறந்த பிள்ளைகள் யாருமே அகப்படமாட்டார்கள். அதேபோல மேற்கே செயின்ட் ஜேம்ஸ் எண்ட் முன்பு டஸ்டன் பாரிஷைச் சேர்ந்தது. பிறந்த ஊர் டஸ்டன் என்று கணக்கெடுப்பில் இருந்தால் கிராமத்திலிருந்து வந்தவர் என்று முடிவுகட்ட வேண்டாம்.

1841 முதல் 1901 வரையிலான கணக்கெடுப்புகளில் 1841ஐத் தனியாகப் படிக்க வேண்டும். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே குறைக்கச் சொல்லியிருந்தார்கள்; 35 என்றிருந்தால் 35 முதல் 39 வரை எதுவும் ஆகலாம். உறவுமுறை கிடையாது, பிறந்தது இதே கவுண்டியா (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இல்லையா என்பது மட்டும்தான். 1851இலிருந்து உறவு, மணநிலை, பிறந்த பாரிஷ் எல்லாம் வரும். 1881 கணக்கெடுப்பின் படியெடுப்பு ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம்.

தொழில் கட்டத்தை நிதானமாகப் படியுங்கள். பழைய பதிவுகளில் கார்ட்வெய்னர் என்றால் புதுத் தோலில் முழு ஷூவையும் கையால் செய்பவர். பிறகு வேலை பிரிந்தது. கிளிக்கர் மேல்தோலை வெட்டுபவர். விலை உயர்ந்த தோலில் சேதமில்லாமல் துண்டு எடுக்க வேண்டியதால் தொழிலில் மதிப்பானவர். குளோசர் அந்தத் துண்டுகளைத் தைப்பவர். பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலேயே செய்த வேலை. லாஸ்டர் மேல்தோலை மர அச்சில் இழுத்துப் பொருத்துபவர். ரிவெட்டர் அடித்தோலை ஆணியால் அறைபவர். லெஸ்டரைச் சேர்ந்த தாமஸ் கிரிக் 1853இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு பரவிய தொழில் இது. ஃபினிஷர் ஓரம் சீவி, மெழுகு தேய்த்து, பளபளப்பாக்குபவர். ஒருவர் பொத்தாம்பொதுவாக "ஷூமேக்கர்" என்று பதிவாகி அடுத்த முறை ரிவெட்டராக வருவது இயல்பு. கிளிக்கராக இருந்தவர் பத்தாண்டில் ஃபினிஷராகத் தெரிந்தால், பெரும்பாலும் நீங்கள் வேறொருவரைப் பிடித்திருக்கிறீர்கள். மனைவியின் தொழில் கட்டம் காலியாக இருப்பதை வேலை செய்யாதவர் என்று படிக்காதீர்கள். வீட்டில் நடந்த தையலை எண்ணிக்கையாளர்கள் பல நேரம் எழுதவே இல்லை.

1851இல் இருந்த குடும்பம் 1861இல் காணவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கலாம். மேல்தோல் தைக்கும் இயந்திரம் வந்ததை எதிர்த்து 1857 முதல் 1859 வரை ஊரில் பெரும் போராட்டம் நடந்தது. தோற்றவர்களில் பலர் மூட்டை கட்டினார்கள். லெஸ்டர், ஸ்டாஃபர்ட், கெட்டரிங், கிழக்கு லண்டன் ஆகிய ஷூ ஊர்களில் தேடுங்கள். பிள்ளைகளின் பிறந்த ஊர்களை வரிசையாக அடுக்கினால் போன வழி தெரியும்.

இனி வீடு. கணக்கெடுப்பின் முதல் கட்டத்தில் இருப்பது படிவ எண். அதை வீட்டு எண் என்று எடுத்துக்கொள்வது மிகப் பரவலான பிழை. எண்ணிக்கையாளரின் ஏட்டு முதல் பக்கத்தில் அவர் நடந்த பாதை எழுதியிருக்கும்: எந்தத் தெருவில் தொடங்கி, எந்தப் பக்கம் திரும்பி, எங்கே முடித்தார் என்று. அதை 1880களின் ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறை) நகர வரைபடத்தின் மேல் வையுங்கள். 1:500 அளவுத்திட்டத்தில் வரைந்த அந்தத் தாள்களில் தெருவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முற்றக் குடியிருப்புகள்கூடத் தனித்தனியாகத் தெரியும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்து வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்பிரிங் பரோஸ் பகுதியின் பழைய சந்துகளும் முற்றங்களும் இருபதாம் நூற்றாண்டில் இடிபட்டுவிட்டதால், இன்றைய வரைபடத்தில் தேடிப் பயனில்லை. கெல்லி போன்ற வணிகக் கையேடுகளில் கடைக்காரர்களும் தெருமுகப்பு வீட்டுக்காரர்களும்தான் வருவார்கள். முற்றத்து ஏழைகள் வரமாட்டார்கள். அவற்றைவிட வீட்டு வரி ஏடுகள் நல்லவை: சொந்தக்காரர், குடியிருப்பவர் இருவர் பெயரும் இருக்கும். கணக்கெடுப்பின் பெயர் அட்டவணையில் பெயர் தப்பாகப் படியெடுக்கப்பட்டு ஆள் கிடைக்காவிட்டால், கணக்கெடுப்புக்கு மிக அருகில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் விலாசம் எடுத்து, அந்தத் தெருவை வீடு வீடாகப் புரட்டுங்கள்.

1837க்கு முன் பாரிஷ் பதிவேடுகள்தான். நார்தாம்ப்டன்ஷையர் ஆவணக் காப்பகம் வூட்டன் ஹால் பார்க்கில் இருக்கிறது. பதிவேடுகளின் படங்கள் ஆன்செஸ்ட்ரி தளத்திலும் உண்டு. 1813இலிருந்து அச்சுப் படிவம் என்பதால் ஞானஸ்நானத்தில் தந்தையின் தொழிலும் வசிப்பிடமும் வரும். 1754இலிருந்து திருமணத்தில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட்டிருப்பார்கள், அல்லது கீறல் போட்டிருப்பார்கள். இரண்டு ஜான் கிளார்க்குகளைப் பிரிக்க அந்தக் கையெழுத்தே உதவும். 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. 1723 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1724. இதைக் கவனிக்காவிட்டால் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகவோ, பிறக்குமுன்பே இறந்ததாகவோ தோன்றும்.

ஞானஸ்நானம் கிடைக்காவிட்டால் ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) அல்லாத சபைகளைப் பாருங்கள். காலேஜ் ஸ்ட்ரீட் பாப்டிஸ்டுகள், காஸில் ஹில் சபையார் எனப் பிரிந்து நின்றவர்கள் வலுவாக இருந்த ஊர் இது. 1837 வரையிலான அத்தகைய சபைப் பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் உள்ளன. பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை; அவர்களுடையது பிறப்புப் பதிவேடு. பிற்காலத்தில் மதமே வேண்டாம் என்ற குடும்பங்களும் இருந்தன. நாத்திகரான சார்லஸ் பிராட்லாவை 1880இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. நாடாளுமன்றம் அவரை உட்காரவிடாமல் தடுத்தபோதெல்லாம் இடைத்தேர்தலில் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள். பின்னாளில் அடையாறில் வாழ்ந்த அன்னி பெசண்ட் அந்த ஆண்டுகளில் அவரோடு தோளோடு தோள் நின்றவர். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குக் கோயில் பதிவு இல்லை என்பதால் அந்தப் பிள்ளையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

இங்கே இரண்டு அரிய ஆவணங்கள் உண்டு. முதலாவது வாக்குப் புத்தகங்கள். 1832க்கு முன் நார்தாம்ப்டனில் உதவித்தொகை வாங்காமல் குடித்தனம் நடத்திய ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை இருந்தது. அன்றைய இங்கிலாந்தில் அபூர்வமான நிலை. 1872 வரை வாக்கு ரகசியமும் இல்லை. எனவே அச்சிட்ட புத்தகங்களில் சாதாரண ஷூ தைப்பவர் பெயர், தொழிலோடும் யாருக்கு வாக்களித்தார் என்பதோடும் கிடைக்கும். மூன்று பிரபுக்கள் தத்தம் வேட்பாளர்களுக்காகப் பணத்தை வாரி இறைத்த 1768 தேர்தல் புத்தகத்தை முதலில் பாருங்கள். இரண்டாவது, கவுண்டியின் மிலிஷியா (உள்ளூர்க் காவற்படை) பட்டியல்கள்: 18 முதல் 45 வயது வரையிலான ஆண்களின் பெயரும் தொழிலும், சில நேரம் உடற்குறையும். 1777ஆம் ஆண்டுப் பட்டியல் அச்சிலும் உண்டு.

ஏழ்மைதான் அதிகம் எழுத வைத்தது. 1662 பாரிஷ் குடியிருப்புச் சட்டப்படி உதவி கேட்டவர் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவர் என்று நீதிபதிகள் விசாரித்தார்கள். அந்த விசாரணைத் தாளில் பிறந்த ஊர், தொழில் பழகிய இடம், மணந்த ஆண்டு எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். 1835க்குப் பிறகு நார்தாம்ப்டன் யூனியனின் (ஏழை உதவிக்காகச் சேர்ந்த பாரிஷ்களின் கூட்டு) வொர்க்ஹவுஸ், அதாவது ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதி, வெலிங்பரோ சாலையில் இருந்தது. 1904க்குப் பின் அப்படிப்பட்ட இடங்களில் பிறந்த குழந்தைகளின் சான்றிதழில் வெறும் தெரு விலாசம் மட்டும் போடச் சொன்னார்கள். ஆகவே வெலிங்பரோ சாலை எண் ஒன்று தனியாக வந்தால் அது உண்மையிலேயே வீடுதானா என்று வரைபடத்தில் சரிபாருங்கள். 1720இல் தொடங்கிய நார்தாம்ப்டன் மெர்குரி செய்தித்தாளில் பெயரை மட்டும் தேடாமல் தெரு அல்லது முற்றத்தின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். சந்தேக மரண விசாரணை, வாடகைத் தகராறு, தீ விபத்து என்று அக்கம்பக்கமே எழுந்து வரும்.

முதல் உலகப் போரில் போன ஆணின் சேவை ஆவணம் கிடைக்காவிட்டால் வியப்பில்லை: 1940 குண்டுவீச்சில் பாதிக்கு மேல் எரிந்துவிட்டன. பதக்க அட்டைகளையும் ஓய்வூதியத் தாள்களையும் பாருங்கள். ஆனால் நார்தாம்ப்டன்ஷையர் ரெஜிமென்ட் என்று மட்டும் தேடாதீர்கள். கட்டாய ஆள்சேர்ப்பு வந்த 1916க்குப் பின் ஊர்க்காரர்கள் எந்தப் படைக்கும் அனுப்பப்பட்டார்கள். 1918 இறுதியில் வந்த வாக்காளர் பட்டியலில் வெளியே இருந்த வீரர்களின் எண்ணும் படைப்பிரிவும் வீட்டு விலாசத்துக்கு எதிரே இருக்கும்.