அந்தமான் போகிறீர்களா? முதலில் படகைக் கேளுங்கள்

ஒன்பது வருடம் அந்தமானில் வேலை பார்த்தவன் நான். ஊர் திரும்பிய பிறகும் வருடத்துக்கு ஒரு தடவையாவது அங்கே போய்வராமல் இருக்க முடிவதில்லை. அது தெரிந்ததால் யார் டிக்கெட் போட்டாலும் கேள்வி என்னிடம்தான் வருகிறது. இந்த வாரம் வந்தவற்றுக்கு மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. போர்ட் பிளேர், அப்புறம் ஹேவ்லாக், நீல், பாராடங் தீவுகள், நாலையும் பார்த்துவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். முடியுமா?

ஏஜென்டுக்கு முடியும் தம்பி, உங்களுக்கு முடியாது. முதல் நாள் பாதியும் கடைசி நாள் பாதியும் விமானத்துக்கே போய்விடும், மிச்சம் இருப்பது மூன்று நாள். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போக வேகப் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் ஆகும். இதோடு படகுத்துறைக்கு முன்கூட்டியே போய் நிற்பது, பைகளைச் சோதிப்பது, இறங்கி ஆட்டோ பிடிப்பது எல்லாவற்றையும் சேர்த்தால் தீவு மாறும் ஒவ்வொரு தடவையும் அரை நாள் காலி. நாலு நாளுக்குப் போர்ட் பிளேரும் ஹேவ்லாக்கும் போதும். ஆறு நாள் இருந்தால் நீலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். கடைசி ராத்திரி போர்ட் பிளேரில் தங்குங்கள். என் நண்பன் குடும்பம் ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகில் வந்து மதியம் விமானம் ஏறுவதாகத் திட்டம் போட்டிருந்தது. அன்று காற்று எழும்பியது, படகு ரத்து. அவர்கள் படகுத்துறையில் பெட்டி மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நேரத்தில் விமானம் போய்விட்டது. ஐந்து பேருக்குப் புது டிக்கெட் எடுத்ததை இப்போது பேச்செடுத்தாலும் அவன் முகம் மாறிவிடும்.

கேள்வி: டிக்கெட்டில் ஒரு பெயர், வரைபடத்தில் வேறு பெயர். எது சரி?

இரண்டும் சரிதான். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொல்லுங்கள், டிக்கெட் போடும்போது புதுப் பெயரையும் தேடிப் பாருங்கள்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மார்ச், ஏப்ரலில் வெயில் கொளுத்தும், ஆனால் கடல் தெளிவாக, அலையில்லாமல் இருக்கும். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை. நவம்பரில் அந்தமான் கடலில் புயல் சின்னம் உருவாவதை நாமே செய்தியில் பார்க்கிறோமே, அந்த நேரத்தில் போனால் படகு ரத்தாகும் என்ற நினைப்போடுதான் போக வேண்டும். டிசம்பர் கடைசி வாரம் வானம் நன்றாக இருந்தாலும் கூட்டம் தாங்காது.

டிசம்பரில் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். அங்கேயும் நம்ம மணிதான், ஆனால் தீவு வெகு கிழக்கே இருப்பதால் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். நாலரைக்கு டீ குடித்துவிட்டு ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு மெதுவாகக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். பதிலுக்குக் காலையில் ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும். சீக்கிரம் எழுந்து சீக்கிரம் தூங்குங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து கப்பலில் போனால் எப்படி இருக்கும்?

நேரம் கைவசம் இருப்பவருக்கு அருமை. அறுபது மணி நேரம் போல ஆகும், மூன்று நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் தினமும் கிடையாது, தேதியும் தள்ளிப்போகும். ஒரு வார லீவில் போகிறவர் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். நான் ஒரு தடவை பங்க் வகுப்பில், அதாவது அடுக்குக் கட்டில் போட்ட பொது இடத்தில், போனேன். முதல் நாள் கடலைப் பார்த்தேன், இரண்டாம் நாள் கூரையைப் பார்த்தேன், மூன்றாம் நாள் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்றே கவலைப்படவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, பஸ்ஸிலேயே வாந்தி வரும். படகு தாங்குவாரா?

தாங்குவார். மாத்திரை உண்டு, படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், வயிறு புரட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அவர் வேறு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், பூரிக்கிழங்கும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். கீழ்த்தளத்தில், படகின் நடுப்பகுதியில் இடம் கேட்டு வாங்குங்கள், மூக்குப் பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். போனைப் பார்க்க விடாதீர்கள், ஜன்னல் வழியாகத் தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

கேள்வி: நீச்சல் தெரியாது. காற்றுக் குடுவை மாட்டிக் கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவ் செய்யலாமா? பயமாக இருக்கிறது.

செய்யலாம் தங்கச்சி. முதல் தடவை இறங்குகிறவர்களுக்கான டைவில் பயிற்சியாளர் உங்களைப் பிடித்தபடியேதான் கூட்டிப்போவார், நீந்த வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை. ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது, பெரும்பாலும் அதற்கும் குறைவுதான். பயம் வருவது ஆழத்தில் இல்லை, முதல் இரண்டு நிமிடத்தில். மூக்கு மாஸ்குக்குள் மாட்டியிருக்கும், வாயால் மட்டும் மூச்சுவிட வேண்டும், உடம்பு அதற்குச் சம்மதிக்காமல் அடம்பிடிக்கும். இடுப்பளவுத் தண்ணீரிலேயே பழக்குவார்கள், அங்கே அவசரப்படாதீர்கள், இன்னொரு தடவை சொல்லித்தரச் சொல்லிக் கேளுங்கள். இறங்கும்போது காது அடைத்தால் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் ‘டப்’ என்று திறக்கும். வலித்தால் கையைக் காட்டுங்கள், பொறுத்துக்கொண்டு இறங்கவே கூடாது.

ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இதயக் கோளாறு என்று ஏதாவது இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். டைவ் முடிந்து 18 மணி நேரமாவது விமானம் ஏறாதீர்கள், உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதனால் டைவை ஹேவ்லாக் போன மறுநாளே வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளுக்குத் தள்ள வேண்டாம்.

கேள்வி: பாராடங் போனால் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்கலாமாமே?

அதற்காகப் போவதாக இருந்தால் போகவே வேண்டாம். பாராடங் போகும் சாலை அவர்கள் காட்டுக்குள் போகிறது, 2002லேயே உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை மூடச் சொன்னது. ஆனாலும் ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகள் இன்னும் வரிசையாகப் போகின்றன. வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது, மீறினால் வழக்கு வரும். சுண்ணாம்புக் குகையும் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போவதும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விடியுமுன் எழுந்து ஒரு முழு நாளைக் கொடுக்க வேண்டும். முதல் பயணத்தில் நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

கேள்வி: குழந்தைகள் எங்கே குளிக்கலாம்? முதலை இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது. உப்புநீர் முதலை, பெரும்பாலும் ஓடை கடலில் சேரும் இடங்களிலும் அலையாத்திப் பக்கமும். 2010இல் ஹேவ்லாக்கில் ராதாநகரை ஒட்டிய ‘நீல்ஸ் கோவ்’ என்ற சிறு விரிகுடாவில் ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால்கூட நனைக்காதீர்கள். உயிர்காக்கும் ஊழியர்கள் நிற்கும் பகுதியில், பகலில், அவர்கள் சொல்லும் எல்லைக்குள் குளியுங்கள். நீல் தீவின் பரத்பூர் கரை ஆழமில்லாதது, சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் வசதி.

கேள்வி: மணல் ஈ கடிக்குமா?

கடிக்கும், கொசுவைவிட மோசம். கண்ணுக்கே தெரியாது, கடித்த மறுநாள்தான் அரிக்கத் தொடங்கும், சொறிந்தால் ஒரு வாரம் ஆனாலும் போகாது. விடியற்காலையும் மாலையும் ஈர மணலில் வெறும் உடம்போடு படுக்காதீர்கள். காலில் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் கெட்டியாகப் பூசிக்கொள்வதுதான் என் வழக்கம்.

கேள்வி: கரையில் கிடக்கும் சிப்பி, பவளம் எடுத்து வரலாமா?

வேண்டாம். பவளம் செத்துக் கிடந்தாலும் வனவிலங்குச் சட்டத்தில் வரும், விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். கடையில் சங்கு வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: நீல் தீவில் பாறை இயற்கையாகவே வளைந்து நிற்கும் கல் பாலத்தைப் பார்க்கப் போனோம், வெறும் தண்ணீர்தான் இருந்தது. ஏமாற்றமாகிவிட்டது. நாங்கள் போன இடம் தப்பா?

இடம் சரிதான், நேரம்தான் தப்பு. கடல் வற்றும்போது மட்டும்தான் அங்கே கிட்டே போக முடியும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வற்றும், அந்த நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் இன்னும் நன்றாக வற்றும். தங்கும் இடத்தில் முந்தின ராத்திரியே “நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி இறங்கும்?” என்று கேளுங்கள், சமையல்காரர்கூடச் சொல்லிவிடுவார். பழைய செருப்பு போட்டுப் போங்கள், பாறை வழுக்கும். பாலத்தோடு எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள், நீங்கள் குனிந்து கீழே இருக்கும் குழிகளைப் பாருங்கள். முழங்கால் ஆழம்கூட இருக்காது, அதற்குள் கறுப்பாக வெள்ளரிக்காய் மாதிரி ஒன்று அசையாமல் கிடக்கும், விரல் நீள மீன் ஒன்று கல்லுக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி உங்களைப் பார்க்கும். நான் ஒரு தடவை அப்படியே உட்கார்ந்திருந்து, தண்ணீர் ஏறி இடுப்பை நனைத்த பிறகுதான் எழுந்தேன், போன் போச்சு.