பழைய ஆல்ஃபா ஒன் டிரைவுடன் பெரிய எஞ்சினை இணைக்கலாமா?

நான்கு சிலிண்டர் 3.0 லிட்டர் மெர்குரூசர் எஞ்சின் பழுதடைந்த படகில், பழைய ஆல்ஃபா ஒன் டிரைவை (எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கடத்தும், படகின் பின்புறப் பகுதி) மாற்றாமல் 4.3 லிட்டர் வி6 எஞ்சினைப் பொருத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கான டிரைவின் கியர் விகிதம் (புரொப்பெல்லர் ஒரு முறை சுழல எஞ்சின் சுழலும் தடவைகள்) ஏறத்தாழ 1.94, வி6-க்கு உரியது ஏறத்தாழ 1.81 என்பதால், புரொப்பெல்லரின் பிட்சை (ஒரு சுற்றில் அது முன்னேறக்கூடிய தூரம்) கூட்டாவிட்டால் எஞ்சின் தன் வேக வரம்பை மீறிச் சுழலும். வி6-க்கு இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் (புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதிகள்) உள்ளதால், அவற்றை ஒன்றாக இணைக்கும் ஒய் வடிவக் குழாயும் தேவைப்படும். இதைப் பலரும் எஞ்சினைப் படகுக்குள் இறக்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எஞ்சினையும் டிரைவையும் ஒரே நேர்கோட்டில் நேர்ப்படுத்தல். அலைன்மென்ட் பாரின் (நேர்ப்படுத்தலைச் சோதிக்கும் கம்பி) முனையில் கிரீஸ் தடவி, அதை கிம்பல் பேரிங் (டிரைவின் தண்டைத் தாங்கும் பேரிங்) வழியாக, எஞ்சினின் பின்புறம் அந்தத் தண்டு பொருந்தும் கப்ளருக்குள் செலுத்தி எடுத்தால், கிரீஸில் கப்ளரின் பல்வரிகளின் தடம் சுற்றிலும் சீராகப் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுந்தியிருந்தால், பார் தடையின்றி வழுக்கிச் செல்லும்வரை எஞ்சினைத் தாங்கும் முன்பக்க மவுண்டின் உயரத்தைத் திருத்துங்கள். சுத்தியலால் தட்டி நுழைக்காதீர்கள்.