ஒரு நாள் முந்திய திவசம்

ரொறன்ரோவிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். யூத ஜெப ஆலயம் ஒன்றின் கந்தோரில் சேர்ந்து 4 மாதம். உறுப்பினர் ஒருவருடைய தாயின் நினைவு நாளை ஒரு நாள் முந்திக் குறித்துக் கடிதம் அனுப்பிவிட்டார். 80 வயதுப் பெரியவர், வாசலில் நின்று சத்தம் போட்டாராம். "கணினி தந்த திகதியைத்தானே போட்டேன், வேலையை விட்டுவிடவா?" என்று கேட்கிறார்.

விட வேண்டாம், தங்கச்சி. ஆனால் கணினி தந்த திகதி என்ற பேச்சை மட்டும் அவரிடம் எடுக்காதீர்கள். நானும் அப்படியொரு கந்தோரில் 9 வருஷம் இருந்தவள்தான்.

அவர்கள் யார்ட்சைட் என்று சொல்வதை நம்முடைய திவசம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் திதி பார்க்கிறோம், அவர்கள் எபிரேய நாட்காட்டி பார்க்கிறார்கள், அதனால் ஆங்கிலத் திகதி வருஷா வருஷம் மாறும். நாள் தொடங்குவதும் பொழுதுபட்ட பிறகுதான். அந்த அம்மா ஜனவரியில் இரவு 8 மணிக்குக் காலமானார் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொறன்ரோவில் அந்த மாதம் 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடுமே, ஆக அவர்கள் கணக்கில் அது அடுத்த நாள். பழைய அட்டையிலிருந்து பதிவு ஏற்றியபோது நேரத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான் நடந்தது.

அவர் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். உங்கள் கடிதத்தை நம்பி, 24 மணி நேரம் எரிகிற மெழுகுதிரியை வீட்டில் கொளுத்திவைத்து, விடிய எழும்பிப் பனிக்குள்ளால் நடந்துவந்து தாய்க்குக் கதிஷ் என்ற நினைவுப் பிரார்த்தனையைச் சொல்லியிருக்கிறார். கதிஷைத் தனியே சொல்ல முடியாது, மின்யான் என்ற தொழுகைக் குழு கூட வேண்டும், உங்களுடையது ஆர்த்தடாக்ஸ் சபை என்றபடியால் 10 ஆண்கள். ஒரு சாதாரணப் புதன்கிழமைக் காலையில் அந்தப் பத்தாவது ஆளுக்காக 9 பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதும், தொழுகையை ஒழுங்குபண்ணுகிற கப்பாய் போனில் ஒவ்வொருவராய்க் கூப்பிடுவதும் நீங்களே கண்டிருப்பீர்கள். அவ்வளவு பாடும் பட்டு, கடைசியில் நாள் பிழை.

அதனால் மின்னஞ்சல் போடாதீர்கள், நேரில் போய்க் கதையுங்கள். பிழை என்னுடையது என்று சொல்லுங்கள். பிறகு அவர் முன்னாலேயே பதிவைத் திறந்து, தகப்பன், மனைவி என்று எல்லோரும் எந்த நேரம் போனார்கள் என்று கேட்டு, எபிரேயப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். (அவர்களுடைய வேதமான தோராவின் வாசிப்புக்கு 'இன்னாரின் மகன் இன்னார்' என்று கப்பாய் அழைப்பதும் அந்தப் பெயரில்தான்.) தவறிப்போன நாளுக்கு இனி என்ன செய்யலாம் என்று அவர் கேட்டால் பதில் சொல்லாதீர்கள், அது சபையின் குருவான ராபி சொல்ல வேண்டியது. அப்புறம், எபிரேய நாட்காட்டியின் ஆதார் மாதத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் தனியே எடுத்துவையுங்கள். 19 வருஷத்தில் 7 தடவை அந்த மாதம் இரண்டாக வரும், எந்த ஆதாரில் நினைவு நாள் என்பதில் வழக்கங்கள் வேறுபடும். ராபியிடம் இப்போதே கேட்டு மேசைக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

தலைவர் ஒன்று சொல்கிறார், ராபி இன்னொன்று சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். காசு, கட்டடம், சந்தா என்றால் தலைவரும் நிர்வாகக் குழுவும். சமையலறைக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்பதற்கு ராபி. தொழுகையில் யாரை எதற்கு அழைப்பது என்றால் கப்பாய். இதை மாற்றிக் கேட்டால்தான் சண்டை வரும்.

இன்னும் ஒன்று. மண்டபச் சுவரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள் இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் விரல்நுனி அளவு பல்பு. அந்தக் கிழமைக்குரிய பல்புகளை யார் போடுவது என்று கேட்டால் ஆளையாள் பார்ப்பார்கள். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பொழுதுபட முன்னமே போட்டுவிட வேண்டும், ஷப்பாத் என்ற ஓய்வு நாள் தொடங்கிவிட்டால் அவர்கள் சுவிட்சைத் தொடமாட்டார்கள், உங்களைப் போடச் சொல்லிக் கேட்கவும் மாட்டார்கள். நான் இருந்த இடத்தில் ஒரு அம்மா தகப்பனின் கிழமை வந்தால் கோட்டைக் கழற்ற முன்னமே அந்தச் சுவரடிக்குப் போய் நிற்பார், பெயரைத் தொட்டுப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் யாரோடும் கதைப்பார்.

பெரியவரிடம் போகமுதல் அவருடைய தாயின் தகடு எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்துவையுங்கள். பல்பு எரிகிறதா என்றும் ஒருக்கால் போட்டுப் பாருங்கள்.